ஓய்வுக்காலக் கணக்கில் வரம்பை மீறிப் போட்ட பணம்: எதற்கு ஏப்ரல் 15, எதற்கு அக்டோபர் 15?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, மனைவிக்கு 36. 2025 ஜூலையில் வேலை மாறினேன். அந்த ஆண்டில் பழைய கம்பெனியின் 401(கே)யில் (கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலக் கணக்கு) 15,500 டாலரும் புதிய கம்பெனியில் 13,000 டாலரும் என் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இருவரும் ஆளுக்கு 7,000 டாலர் ராத் ஐ.ஆர்.ஏ.வில் (வரி கட்டிய பணத்தைச் சேர்க்கும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) போட்டோம். போனஸ், பங்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டு முடிவில் கூட்டு வருமானம் 2,62,000 ஆகிவிட்டது. ராத்துக்கு எங்களுக்குத் தகுதியே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. மனைவி பதறிப்போய் ஜனவரியிலேயே இணையதளத்தில் தன் 7,000ஐ எடுத்துவிட்டார். அதன் லாபம் 770 டாலர் கணக்கிலேயே கிடக்கிறது. பழைய வேலையின் 401(கே)யிலிருந்து மாற்றிய ரோலோவர் ஐ.ஆர்.ஏ. ஒன்றும் அவருக்கு இருக்கிறது. அதில் 62,230 டாலர். என் ராத்துக்கு இந்த ஜனவரியிலிருந்து மாதம் 625 டாலர் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2023லும் வருமானம் 2,40,000 இருந்தபோது தெரியாமல் 6,500 போட்டிருக்கிறேன். 2024ல் மனைவி வேலையில் இல்லை. வருமானம் 1,60,000தான், இருவரும் எந்த ஐ.ஆர்.ஏ.விலும் எதுவும் போடவில்லை. 2025க்கான வரி ரிட்டர்னை இன்னும் ஃபைல் செய்யவில்லை. 2026 மார்ச் பாதி ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு சிக்கல்கள் இருக்கின்றன. நான்கையும் சரி செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. உண்மையான அவசரம் 401(கே)க்குத்தான். அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. ரிட்டர்னுக்கு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் அவகாசம்) வாங்கினாலும் அந்தத் தேதி நகராது. ராத்துக்கு அக்டோபர் 15 வரை வழி இருக்கிறது. ராத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே 401(கே) தேதியைக் கோட்டை விடுபவர்கள் அதிகம். அதனால் முதலில் அதை முடியுங்கள்.

வரி எந்த ஆண்டுக்கு விழும் என்பதில் இந்த இரண்டு கணக்குகளும் நேர் எதிர். 401(கே)யில் வரம்பை மீறிய அசல், பணம் பிடிக்கப்பட்ட ஆண்டின் வருமானம். அதன் லாபம், பணத்தை எடுக்கும் ஆண்டின் வருமானம். ராத் ஐ.ஆர்.ஏ.வில் அசலுக்கு வரி கிடையாது, லாபத்துக்குத்தான் வரி. அதுவும் எடுத்த ஆண்டில் அல்ல, பணத்தைப் போட்ட ஆண்டில். இதை மாற்றிப் போடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

401(கே): இந்த வாரமே

2025ல் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர் தன் சம்பளத்திலிருந்து 401(கே)யில் போடக்கூடிய உச்சம் 23,500 டாலர். இது ஆளுக்கான வரம்பு. எத்தனை கம்பெனியில் வேலை பார்த்தாலும் ஒன்றுதான். உங்கள் பங்குக்கு ஈடாகக் கம்பெனி போடும் பணம், அதாவது மேட்ச், இதில் சேராது. உங்கள் மொத்தம் 28,500, ஆக மீறல் 5,000. இரண்டு டபிள்யூ-2 படிவங்களிலும் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு) பாக்ஸ் 12ல் டி (D) என்ற குறியீட்டுக்கு எதிரே உள்ள தொகைகளைக் கூட்டிச் சரிபாருங்கள். ஏஏ என்ற குறியீடு இருந்தால் அது ராத் 401(கே). அதுவும் இதே வரம்புக்குள்தான் வரும்.

இரு கம்பெனிகளின் சம்பளப் பிரிவுக்கும் மற்றது தெரியாது. அதனால் அவர்களாகக் கண்டுபிடித்துத் திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும், எந்தத் திட்டத்திடம் கேட்பது என்பதும் உங்கள் விருப்பம். திருப்பி எடுக்கும் தொகைக்குக் கம்பெனி மேட்ச் கொடுத்திருந்தால் அந்த மேட்ச் கைவிட்டுப் போகலாம். அதனால் இரு திட்டங்களிலும் மேட்ச் விதியைப் பாருங்கள். மேட்சுக்குத் தேவையான சதவீதத்துக்கு மேலே நீங்கள் எங்கே போட்டீர்களோ அங்கிருந்து எடுங்கள். பழைய கம்பெனிக் கணக்கை ஏற்கெனவே ஐ.ஆர்.ஏ.வுக்கோ புதிய 401(கே)க்கோ மாற்றிவிட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். மீறல் தொகை ரோலோவருக்குத் தகுதியில்லாதது, அதிலிருந்து கேட்டால் இன்னொரு முடிச்சு விழும். அப்போது புதிய கம்பெனியிடமே கேளுங்கள்.

கடிதத்தில் இவை இருந்தால் போதும்: 2025ல் இரு திட்டங்களிலும் பிடித்த தொகை, வரம்பு, மீறல் 5,000, அதை லாபத்தோடு ஏப்ரல் 15க்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டு டபிள்யூ-2 நகல்களையும் இணையுங்கள். போனில் பேசும்போது சாதாரணமாகப் பணம் எடுக்கக் கேட்டதாக எழுதிக்கொள்ள விடாதீர்கள். ‘எக்ஸஸ் டிஃபெரல்’ (வரம்பை மீறிப் பிடித்த தொகை) என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். பல திட்டங்கள் தங்கள் விதியில் மார்ச் 1ஐக் கடைசி நாளாக வைத்திருக்கும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனாலும் சட்டம் ஏப்ரல் 15 வரை அனுமதிப்பதால், ஏற்றுக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. ஒன்று மறுத்தால் மற்றதிடம் உடனே கேளுங்கள். அதற்காகத்தான் இந்த வாரமே என்கிறேன்.

5,000 அசலும் 300 லாபமுமாக 5,300 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000ஐ 2025 ரிட்டர்னில், அதாவது படிவம் 1040ன் 1எச் வரியில் (லைன்) சேர்க்க வேண்டும். டபிள்யூ-2வைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். அது இருந்தபடியே இருக்கும். உங்கள் வருமானத்துக்கு 24 சதவீத அடுக்கு, ஆக 1,200 டாலர் வரி. (மீறல் ராத் 401(கே)யில் நேர்ந்திருந்தால் அந்த அசலுக்கு ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது, மறுபடி சேர்க்கத் தேவையில்லை.) 300 டாலர் லாபம் 2026 ரிட்டர்னில் வரும். 10 சதவீத முன்கூட்டி எடுப்பு அபராதம் எதற்கும் இல்லை.

ஏப்ரல் 15ஐத் தவறவிட்டால் அந்த 5,000 டாலருக்கு 2025லும் வரி, ஓய்வுபெற்று எடுக்கும்போது மீண்டும் வரி. இரட்டை வரியைத் தவிர்க்க அதற்குப் பிறகு வழியே இல்லை.

உங்கள் ராத்: எடுக்க வேண்டாம், மாற்றுங்கள்

கூட்டாக ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 2025ல் ராத் தகுதி 2,36,000 டாலரில் குறையத் தொடங்கி 2,46,000ல் முற்றிலும் முடிகிறது. 401(கே)யிலிருந்து திரும்பும் 5,000மும் சேர்ந்தால் உங்கள் வருமானம் 2,67,000. ஆக 7,000 முழுவதும் மீறல். (வருமானம் எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பவர்கள் கவனிக்க: 401(கே) மீறல் வருமானத்தைக் கூட்டுவதால், அது ஒன்றே ராத் தகுதியைப் பறித்துவிடலாம். முதலில் 401(கே) கணக்கு, பிறகு ராத் கணக்கு.)

உங்களுக்கு நான் சொல்வது ரீகேரக்டரைசேஷன். அந்த 7,000ஐயும் அதன் லாபத்தையும் ராத்திலிருந்து டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்கு (எடுக்கும்போது வரி கட்டும் வகை) கணக்கை வைத்திருக்கும் நிறுவனமே நேரடியாக மாற்றும். பணம் முதலிலிருந்தே அங்கே போடப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். டிரெடிஷனலில் பணம் போட வருமான வரம்பு இல்லை, வரிக்கழிவுக்குத்தான் வரம்பு உண்டு. கம்பெனியில் 401(கே) இருக்கும் உங்களுக்கு அந்தக் கழிவு கிடைக்காது. அதனால் நஷ்டமும் இல்லை. இந்த வழி வருமானத்தால் தகுதி இழந்தவருக்கு மட்டுமே. ஒருவர் 7,000க்குப் பதிலாக 9,000 போட்டிருந்தால், மேலுள்ள 2,000ஐ எடுத்தே ஆக வேண்டும்; எந்த ஐ.ஆர்.ஏ.விலும் அதற்கு இடமில்லை.

லாபத்தை நிறுவனமே கணக்கிடும். இருந்தாலும் நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஏனென்றால் தவறு நேரும் இடம் இது. லாபம் பார்ப்பது அந்த 7,000 எந்த ஃபண்டில் போனதோ அதில் அல்ல, கணக்கு முழுவதற்கும். 7,000 போடுவதற்குச் சற்று முன் கணக்கில் 35,000 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 7,000ஐக் கூட்டுங்கள். இடையில் வேறு பணம் போட்டிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். உங்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள் மூன்றும் 1,875. ஆகத் தொடக்க மதிப்பு 43,875. மாற்றும் நாளில் கணக்கில் 49,140 இருந்தால் வளர்ச்சி 5,265, அதாவது 12 சதவீதம். 7,000க்கு அதே வீதத்தில் 840. மாற்ற வேண்டியது 7,840 டாலர். அந்த மூன்று தவணைகளைக் கூட்ட மறந்தால் வளர்ச்சி 17 சதவீதமாகத் தெரியும், லாபம் 1,190 ஆகிவிடும். 350 டாலர் தேவையில்லாமல் ராத்தை விட்டு வெளியே போகும். கணக்கை வருட நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாற்றியவர்களுக்குப் புதிய நிறுவனத்திடம் பழைய விவரம் இருக்காது, தொடக்க மதிப்பை நாமே கொடுக்க வேண்டும். சந்தை இறங்கியிருந்தால் லாபம் மைனஸாக வரும், 7,000க்குக் குறைவாக மாற்றினாலே போதும்.

வரிப் படிவத்தில் இது இப்படி வரும். உங்கள் பெயரில் 2025க்கான படிவம் 8606 (ஐ.ஆர்.ஏ.வில் போட்ட வரி கட்டிய பணத்தின் கணக்கு), முதல் பகுதி, முதல் வரியில் 7,000. 7,840 அல்ல, வரி கட்டிய பணம் 7,000 மட்டும்தான். அது 14ஆம் வரிக்கு வந்து அடுத்த ஆண்டுக்குப் போகும். கூடவே ஒரு விளக்கக் குறிப்பு: எந்தத் தேதியில் போட்டது, எந்தத் தேதியில் மாற்றியது, அசல், லாபம், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு. மாற்றம் 2026ல் நடப்பதால் 1040ல் வேறெங்கும் எழுத வேண்டாம்.

பிறகு அந்த 7,840ஐ டிரெடிஷனலிலிருந்து மறுபடி ராத்துக்கு மாற்றலாம், அதாவது கன்வெர்ஷன் செய்யலாம். ‘பேக்டோர் ராத்’ என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். உங்கள் பெயரில் வேறு டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ. இல்லையென்றால் 840 டாலருக்கு மட்டும் 2026ல் வரி. மனைவியின் ரோலோவர் ஐ.ஆர்.ஏ. உங்கள் கணக்கைப் பாதிக்காது. கூட்டு ரிட்டர்ன் என்றாலும் 8606 ஆளுக்கு ஒன்று, கணக்கும் ஆளுக்கு ஒன்று.

மாதம் 625 போவதை இன்றே நிறுத்துங்கள். 2026ன் எல்லை 2,42,000 முதல் 2,52,000 வரை. இருவரும் வேலையில் இருந்தால் இந்த ஆண்டும் தாண்டுவீர்கள். போன 1,875ஐயும் ரீகேரக்டரைசேஷன் செய்யச் சொல்லலாம். ஆனால் தனி விண்ணப்பமாக, 2026 என்று ஆண்டைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். ஒரே தாளில் இரண்டு ஆண்டையும் எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

மனைவியின் கணக்கு

அவர் பதற்றத்தில் செய்தது புரிகிறது. ஆனால் இணையதளத்தில் எடுத்தது நிறுவனத்தின் பார்வையில் சாதாரண எடுப்பு. மீறலைத் திருத்தும் எடுப்பு என்றால் அசலும் லாபமும் சேர்ந்து, அதற்கென்று உள்ள விண்ணப்பத்தில் போக வேண்டும். ஒரு நல்ல விஷயம், ஜனவரியில் எடுத்ததைக் காட்டும் 1099-ஆர் படிவம் 2027 ஜனவரியில்தான் அச்சாகும். அதற்குள் நிறுவனத்தைக் கூப்பிட்டு, அந்த எடுப்பை ‘ரிட்டர்ன் ஆஃப் எக்ஸஸ்’ என்று மாற்றிப் பதியவும், மீதி லாபத்தையும் வெளியே தரவும் கேளுங்கள். ஒத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. போனை முதலில் எடுப்பவர் முடியாது என்றால் ஐ.ஆர்.ஏ. திருத்தங்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஒத்துக்கொண்டால்: 2025ன் 1040ல் 4ஏ வரியில் 7,770, 4பி வரியில் 770, ஒரு விளக்கக் குறிப்பு. வரி சுமார் 185 டாலர். லாபத்துக்கு 10 சதவீத அபராதம் முன்பு இருந்தது, செக்யூர் 2.0 சட்டம் 2022 டிசம்பர் 29லிருந்து அதை நீக்கிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைச் சேர்த்துக் கட்டாதீர்கள்.

மறுத்துவிட்டால்: 2025க்கு மீறலுக்கான அபராத வரி 7,000ல் 6 சதவீதம், 420 டாலர். அதைக் காட்ட அவர் பெயரில் படிவம் 5329, நான்காம் பகுதி. தொகை ஷெட்யூல் 2ன் 8ஆம் வரிக்குப் போகும். ஜனவரியில் எடுத்த 7,000, 2026 கணக்கில் மீறலைப் பூஜ்யமாக்கிவிடும், அதனால் இந்த ஆண்டுக்கு 6 சதவீதம் இல்லை. 770 டாலர் ராத்திலேயே நியாயமாகத் தங்கும். 2026 ரிட்டர்னில் 8606ன் மூன்றாம் பகுதியில் அந்த எடுப்பைக் காட்ட வேண்டும். ராத்தில் போட்ட அசலே முதலில் வெளியே வரும் என்பதால் அதற்கு வரி இல்லை.

அவருக்கும் ரீகேரக்டரைசேஷன் சொல்லாததற்குக் காரணம் ரோலோவர் ஐ.ஆர்.ஏ.வில் உள்ள 62,230; அதுவும் டிரெடிஷனல் வகைதான். அதோடு 7,770 சேர்ந்தால் டிரெடிஷனல் பக்கம் மொத்தம் 70,000. அதில் வரி கட்டிய பணம் 7,000, பத்தில் ஒரு பங்கு. 7,770ஐ ராத்துக்கு மாற்றினால் 777 டாலருக்கு மட்டும் வரி விலக்கு, மீதி 6,993க்கு வரி. வரி கட்டிய பணத்தை மட்டும் பிரித்து மாற்ற முடியாது. அவர் கம்பெனியின் 401(கே) வெளியிலிருந்து வரும் ரோலோவரை ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்றால் 62,230ஐ அங்கே நகர்த்திவிட்டால், டிசம்பர் 31 அன்று ஐ.ஆர்.ஏ. பக்கம் காலியாக இருக்கும். அதன் பிறகு அவருக்கும் பேக்டோர் வழி திறக்கும்.

2023ன் 6,500

இதைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். ஆனால் நான்கில் இதுதான் எளிது, பணத்தை எடுக்கவே தேவையில்லை. 2023ல் எல்லை 2,28,000ல் முடிந்தது, ஆக 6,500 மீறல்தான். ஆனால் 2024ல் உங்களுக்கு முழுத் தகுதி இருந்தது, 7,000 வரை போட இடமிருந்தது, எதுவும் போடவில்லை. 2023ன் மீறல் அந்தக் காலி இடத்தில் அடங்கிவிடுகிறது. 6 சதவீதம் ஓர் ஆண்டுக்கு மட்டும்: 390 டாலர்.

இதற்கு இரண்டு படிவங்கள் வேண்டும். 2023ஆம் ஆண்டின் 5329, நான்காம் பகுதி: 25ஆம் வரியில் 390. 2024ஆம் ஆண்டின் 5329: 18ஆம் வரியில் முந்தைய மீறல் 6,500, 19ஆம் வரியில் அந்த ஆண்டின் காலி இடம் 7,000, கீழே மீறல் பூஜ்யம். இரண்டாவதில் கட்ட ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள்; மீறல் எங்கே தீர்ந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். அந்தந்த ஆண்டில் அச்சான படிவத்தையே பயன்படுத்துங்கள். வேறு மாற்றம் இல்லாததால் 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) வேண்டாம். முகவரி எழுதி, கையெழுத்திட்டு, 390 டாலர் காசோலையோடு தபாலில் அனுப்பினால் போதும். வட்டியை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) கணக்கிட்டுத் தனிக் கடிதம் அனுப்பும். 2024ல் இடமில்லாதவர்களுக்கு மீறல் வெளியே வரும் வரை ஒவ்வோர் ஆண்டும் 6 சதவீதம் ஏறும். டிசம்பர் 31க்குள் எடுத்தால்தான் அந்த ஆண்டோடு நிற்கும்.

ஃபைல் செய்யும்போது

401(கே) கடிதத்துக்குப் பதிலும், மனைவியின் நிறுவனத்தின் முடிவும் வந்த பிறகு ரிட்டர்ன் போடுவதே நல்லது. ஏப்ரல் 15க்குள் வராவிட்டால் படிவம் 4868ல் எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். அது தாக்கல் செய்யத்தான் அவகாசம், வரி கட்ட அல்ல. 5,000க்கான 1,200ஐயும் மனைவியின் 185 அல்லது 420ஐயும் சேர்த்தே ஏப்ரல் 15க்குள் கட்டிவிடுங்கள். ஒருவேளை குறித்த நாளுக்குள் ஃபைல் செய்துவிட்டு ராத் திருத்தத்தைப் பிறகு முடிப்பதானாலும் அக்டோபர் 15 வரை இடம் உண்டு. அப்போது 1040-எக்ஸ் போட்டு, அதன் தலைப்பில் ‘ஃபைல்டு பர்சுவன்ட் டு செக்ஷன் 301.9100-2’ என்ற வரியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

இரண்டு டபிள்யூ-2விலும் பாக்ஸ் 3ஐக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 1,76,100 டாலரைத் தாண்டியிருந்தால் சோஷியல் செக்யூரிட்டி வரி அதிகமாகப் பிடித்திருப்பார்கள். ஷெட்யூல் 3ன் 11ஆம் வரியில் அது திரும்பக் கிடைக்கும். நடுவில் வேலை மாறியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

2027 ஜனவரியில் 1099-ஆர் படிவங்கள் வரிசையாக வரும். பாக்ஸ் 7ஐப் பாருங்கள். 401(கே) அசலுக்கு பி (P) என்ற குறியீடு: 2025ல் காட்டியாகிவிட்டது, 2026ல் மறுபடி சேர்க்காதீர்கள். அதன் லாபத்துக்கு 8: இதை 2026ன் 1எச் வரியில் சேர்க்க வேண்டும். மனைவியின் ராத்துக்கு ஜே, பி இரண்டும் சேர்ந்து வந்தால் அதுவும் 2025 கணக்கு. ஜே மட்டும் வந்தால் அவர்கள் மாற்றிப் பதியவில்லை என்று பொருள், உடனே கூப்பிடுங்கள். உங்கள் 2025 ரீகேரக்டரைசேஷனுக்கு ஆர், இந்த ஆண்டுத் தவணைகளுக்கு என். இரண்டுக்கும் வரி இல்லை. பி போட்ட படிவத்தின் தொகை 2026 ரிட்டர்னில் இல்லையே என்று ஐ.ஆர்.எஸ். கணினி கேட்டுக் கடிதம் அனுப்பக்கூடும். 2025 ரிட்டர்னின் நகல், விளக்கக் குறிப்புகள், 401(கே) கடிதம், நிறுவனம் தந்த லாபக் கணக்கு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். கடிதம் வந்தால் அவற்றின் நகலையே பதிலோடு அனுப்பலாம்.